நிலம் தந்தவர்களும் கைபிடித்தவர்களும்

(மைசூரு, விஜயநகரில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அகதிகள். நாடிழந்து, வீடிழந்து வந்து நிற்கிறவர்களை ஊரோடு ஊராகச் சேர்த்துக்கொள்வது யார் பொறுப்பு? அரசின் பொறுப்பா? நம்மைப் போன்ற தனிமனிதர்களின் பொறுப்பா? வரிப்பணத்தில் நடக்க வேண்டிய காரியமா, மனமுவந்து கொடுக்கிற பணத்தில் நடக்க வேண்டிய காரியமா?

விஜயநகரில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இங்கிருந்து பேசுவதுதான் பொருத்தம் என்பேன் நான். வெளியே போய் ஹுன்சூர் சாலையைப் பிடியுங்கள். ஹின்கல், இலவாலா, பிளிகெரே, ஹுன்சூர், பிரியாபட்டணா. எண்பது கிலோமீட்டர் போனால் பைலகுப்பே. குடகுக்குப் போகிற வழியில் திபெத்தியரின் பொற்கோயில் பார்க்க அங்கே இறங்காதவர்கள் இந்த அரங்கில் சிலர்தான் இருப்பீர்கள். கோயிலைப் பார்த்தோம், மோமோ சாப்பிட்டோம், படம் எடுத்தோம், வண்டியேறினோம். கோயிலைச் சுற்றி நிற்கிற மக்காச்சோளக் கொல்லையைப் பார்த்தோமா? அது யார் நிலம், எப்படி வந்தது என்று கேட்டோமா? இன்றைக்குக் கேட்போம்.

1959 மார்ச் மாதம் தலாய் லாமா திபெத்திலிருந்து இமயத்தைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தார். அவரைத் தொடர்ந்து எண்பதாயிரம் பேர் அளவில் வந்தார்கள். அவர்களில் பல ஆயிரம் பேருக்கு வடக்கே மலைச்சாலை போடுகிற வேலைதான் கிடைத்தது. கல் உடைக்கிற வேலை. பாதையோரம் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தாய் கல் உடைத்தாள். எத்தனை காலம் இப்படி ஓட்டுவது? நிரந்தரமாகக் குடியமர்த்த நிலம் வேண்டும் என்று பிரதமர் நேரு மாநிலங்களைக் கேட்டார். எல்லா மாநிலங்களையும்விட அதிகமாக அள்ளிக்கொடுத்தது எந்த மாநிலம் தெரியுமா? நம்முடைய மைசூர் மாநிலம். அதன் முதலமைச்சராக இருந்த நிஜலிங்கப்பாவின் பெயரைத் தலாய் லாமா பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். கன்னட நாட்டில் வாழ்கிற தமிழர்களாகிய நாமும் பெருமைப்பட வேண்டிய செய்தி அது.

பைலகுப்பேயில் கிடைத்தது ஏறக்குறைய 3,000 ஏக்கர். அன்று அது காடு. 1960-61-இல் வந்து இறங்கியவர்கள் பனியில் வளர்ந்தவர்கள். பார்லி விதைத்தவர்கள், யாக் மேய்த்தவர்கள். இங்கே வெயில், மழைக்காலச் சேறு, காய்ச்சல், இரவில் யானை. கூடாரத்தில் தங்கிக்கொண்டு காட்டை வெட்டினார்கள். பலர் அந்த முதல் வருஷங்களிலேயே செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் கணக்கில் நிலம் ஒதுக்கினார்கள். பிள்ளைகளுக்காக 1961-இல் மத்திய அரசு திபெத்தியப் பள்ளிகளுக்கென்றே தனி அமைப்பை உண்டாக்கியது. பிறகு 1966-இல் வட கர்நாடகத்தில் முண்ட்கோடு, 1969-இல் பைலகுப்பேயிலேயே இரண்டாவது குடியிருப்பு, அப்புறம் ஹுன்சூர், கொள்ளேகால் என்று வளர்ந்தது.

இப்போது கேட்கிறேன். மூவாயிரம் ஏக்கர் காட்டை எந்தக் கொடைவள்ளல் கொடுப்பார்? எந்த அறக்கட்டளை கொடுக்கும்? பள்ளிக்கூடத்தைத் திறந்து, ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்து, அதை ஐம்பது வருஷம் நடத்துகிற தெம்பு எந்தத் தனிமனிதருக்கு இருக்கிறது? அரசால்தான் முடியும். அரசு செய்தது.

ஆனால் நிலம் கொடுத்தால் விவசாயி ஆகிவிடுவார்களா? ஆகவில்லை. எந்தப் பயிர் வைப்பது, விளைந்ததை யாரிடம் விற்பது, டிராக்டர் பழுதானால் யார் சரிசெய்வது, கடனை எப்படிக் கட்டுவது என்று ஆயிரம் கேள்வி. இங்கேதான் அரசுக்கு வெளியே இருந்தவர்கள் வந்தார்கள். 1968-இல் ஒரு தொண்டு நிறுவனம் பிறந்தது. மைசூர் மறுகுடியமர்த்தல், வளர்ச்சி முகமை என்பது அதன் பெயரின் பொருள். சுருக்கமாக மைராடா. திபெத்தியரைக் குடியமர்த்த அரசுக்குத் துணைநிற்பதுதான் அது தொடங்கப்பட்ட நோக்கம். வெளிநாட்டு உதவி அமைப்புகளின் பணம், இயந்திரம், ஆலோசனை எல்லாம் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. விதையும் உரமும் சங்கத்தில், விளைச்சலும் சங்கத்தில், டிராக்டர் பட்டறையும் சங்கத்தில்.

மைராடாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. திபெத்தியர்கள் ஓரளவு காலூன்றிய பிறகு, 1980-களின் தொடக்கத்தில், அந்த நிறுவனம் நம்மூர் ஏழைகள் பக்கம் திரும்பியது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்தபோது, சங்கத்தை நம்பாமல் ஒருவரையொருவர் நம்பிய சிறு சிறு குழுக்கள் உருவாவதை அவர்கள் கவனித்தார்கள், ஆதரித்தார்கள். 1987-இல் நபார்டு வங்கி அந்த முயற்சிக்குப் பணம் கொடுத்தது. 1992-இல் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டம் வந்தது. இன்றைக்கு உங்கள் தெருவில், உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மா வாரம் தவறாமல் பணம் கட்டுகிறாரே, அந்த மகளிர் சுய உதவிக் குழுவுக்கு இந்த நாட்டில் இருக்கிற முக்கியமான வேர்களில் ஒன்று இது. அகதிகளுக்காக ஆரம்பித்த காரியம் நம் பெண்களின் கையில் சேமிப்புப் புத்தகமாக வந்து சேர்ந்திருக்கிறது. அகதிகளுக்குச் செய்வதெல்லாம் நம் ஏழைகளிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு வகை உதவியும் உண்டு. ஒரு ஆள், ஒரு பிள்ளை. 1960 மே மாதம் தரம்சாலாவில், சாலைவேலை முகாம்களிலிருந்து கொண்டுவந்த 51 குழந்தைகளோடு ஒரு காப்பகம் தொடங்கியது. அதுதான் பின்னால் திபெத்தியக் குழந்தைகள் கிராமமாக வளர்ந்தது. எங்கோ ஐரோப்பாவில் இருக்கிற ஒருவர், முகம் தெரியாத ஒரு திபெத்தியப் பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பார். பிள்ளை கடிதம் எழுதும். புகைப்படம் போகும், பதில் வரும்.

பைலகுப்பேயில் சுவெட்டர் வியாபாரம் செய்து ஓய்ந்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கன்னடம் சரளமாகப் பேசுவார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். அதில் அவர் பள்ளிக்காலத்தில் வந்த கடிதங்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள், பனி மூடிய ஒரு வீட்டின் வாசலில் நாயோடு நிற்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் படம். அந்தப் பெண்மணியை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. "வருஷத்துக்கு ரெண்டு கடிதம் நான் எழுதணும். பதில் வர தாமதமானா வயித்தைக் கலக்கும். அவங்களுக்கு என்மேல பிரியம் போயிடுச்சோன்னு ராத்திரி படுத்துக்கிட்டு நினைப்பேன்" என்றார். நன்றியோடுதான் சொன்னார். இன்றும் அந்தப் படத்தைக் கும்பிடுகிறார். ஆனால் எண்ணிப்பாருங்கள், நண்பர்களே. பத்து வயதுப் பிள்ளை ஒன்று, தன் படிப்பு இன்னொருவர் மனத்தின் போக்கில் தொங்குகிறது என்று இரவில் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் கிடையாது. முதலமைச்சருக்கு நன்றிக் கடிதம் எழுதாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று எந்தப் பிள்ளையும் அஞ்சுவதில்லை.

கருணைக்கு முகம் உண்டு; அது அதன் பெருமை. முகம் இருப்பதாலேயே அது திரும்பிக்கொள்ளவும் முடியும். அது அதன் ஆபத்து.

சரி, நிலம் அரசு கொடுத்தது, கைபிடிக்க ஆட்களும் வந்தார்கள். பைலகுப்பே நிறைவடைந்த கதையா? இல்லை. நிலம் அவர்கள் பெயரில் இல்லை, குத்தகைதான். கையில் இருப்பது குடியுரிமை இல்லை, பதிவுச் சான்றிதழ். காலாகாலத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது நம் குடியுரிமைச் சட்டம். பெற்றோர் இந்தியரா என்று அது கேட்கவே இல்லை. ஆனாலும் அந்த உரிமையைப் பெறத் திபெத்தியப் பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. 2010-இல் தில்லி உயர் நீதிமன்றம், 2013-இல் நம் கர்நாடக உயர் நீதிமன்றம். 2014-இல்தான் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும்படி தேர்தல் ஆணையம் சொன்னது. அதற்குள் ஒரு தலைமுறை இளைஞர்கள் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் பணம் அனுப்பினாலும், குடியுரிமை என்கிற அந்த ஒரு தாளை அவர்களால் கொடுக்க முடியுமா? முடியாது. அதை அரசுதான் கொடுக்க வேண்டும்.

கனடா என்றேன். அந்த நாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்கே 2024 வரை, குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைக்க முடிந்தது. ஒரு வருஷத்துக்கு வீடு, சாப்பாடு, துணிமணி எல்லாம் அந்த ஐவரின் பொறுப்பு. 1979-இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து மக்கள் தப்பியோடியபோது, கனடா அரசு ஒரு வாக்குக் கொடுத்தது: மக்கள் ஓர் அகதியை ஏற்றால் அரசும் ஓர் அகதியை ஏற்கும். ஆளுக்கு ஆள், சரிக்குச் சரி. ஊர் ஊராகச் சர்ச்சுகளில், பள்ளிகளில், அலுவலகங்களில் ஜனங்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். 21,000 பேரை மக்கள் ஏற்பார்கள் என்று அரசு கணக்குப் போட்டிருந்தது. கொஞ்ச மாதங்களிலேயே அந்தக் கணக்கை மக்கள் தாண்டிவிட்டார்கள்.

அப்போது அரசு என்ன செய்தது? இதைக் கவனமாகக் கேளுங்கள். 1979 டிசம்பரில், மக்கள்தான் இவ்வளவு பேரை ஏற்கிறார்களே, எங்கள் பங்கில் அதைக் கழித்துக்கொள்கிறோம் என்றது! ஏற்றவர்கள் கொதித்துப்போனார்கள். உங்கள் பளுவைக் குறைக்கவா நாங்கள் கைகொடுத்தோம், கூடுதலாக ஆட்களைக் காப்பாற்றத்தானே கொடுத்தோம் என்று கேட்டார்கள். அடுத்து வந்த அரசு 1980-இல் தன் பங்கில் மேலும் 10,000 பேரைச் சேர்த்தது. ஆக மொத்தம் 60,000 பேர். பாதிக்கும் மேலானவர்கள் தனிமனிதர்களின் பொறுப்பில் வந்தவர்கள். 1986-இல் ஐ.நா.வின் நான்சன் விருதைக் கனடா மக்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதே 1986-இன் ஆகஸ்டு மாதம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள். அவற்றில் 155 பேர். எல்லோரும் இலங்கைத் தமிழர்கள். நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் அவர்களைக் கண்டார்; மற்ற படகுகளையும் அழைத்துக் கரைசேர்த்தார். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது பிறகு தெரிந்தது. நாடெங்கும் ஏச்சும் பேச்சும் எழுந்தன. அப்படியும் அரசு அவர்களை விரட்டவில்லை. ஒரு வருஷம் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தது. டொராண்டோவிலும் மாண்ட்ரியலிலும் முன்பே குடியேறியிருந்த தமிழர்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மீனவர் கைகொடுத்தார், அரசு தாள் கொடுத்தது, சொந்த ஜனம் வீடு கொடுத்தது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த 155 பேரின் கதை வேறாகப் போயிருக்கும்.

அரசு அனுமதித்தால்தான் அயலாரின் கருணையும் நடக்கும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. அமெரிக்காவில் 2023 ஜனவரியில் இதே போன்ற தனியார் பொறுப்பேற்புத் திட்டம் தொடங்கினார்கள். ஆட்சி மாறியது, 2025 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். உதவ வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சொல்ல வருத்தமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

1983-இலிருந்து இலங்கைத் தமிழர்கள் ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். இன்றும் தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000 பேர் அளவில் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அரிசி கொடுத்தது, பணக்கொடை கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. முகாமின் பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று ஆயிற்று.

ஆனால் முகாமுக்குள் போய்ப் பாருங்கள். பழைய வரிசை வீடுகளில் பத்துக்குப் பத்து அறை. அதற்குள் அப்பா, அம்மா, கல்யாண வயதில் பெண், கல்லூரி போகிற பையன். குறுக்கே ஒரு சேலையைக் கட்டி இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஆண்களில் பலர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். மாதத்தில் 'செக்கிங்' நாள் என்று ஒன்று வரும். அன்று எல்லோரும் முகாமில் நின்று முகம் காட்ட வேண்டும். வேறு மாவட்டத்தில் பதினைந்து நாள் வேலை பிடித்தவர், ஏணியிலிருந்து இறங்கி, அரைச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, பஸ் பிடித்து வருவார். இரண்டு நாள் கூலி போகும். மேஸ்திரி அடுத்தமுறை அவரைக் கூப்பிடமாட்டார். மாதத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்கிற கையே, அதைவிட அதிகமாகச் சம்பாதிக்கிற வழியை அடைக்கிறது. இது உதவியா, காவலா?

அங்கேயும் கைபிடிக்க ஆள் இருந்தது. எஸ்.சி. சந்திரகாசன், இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன், 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அகதிகளே அகதிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அகதிகளே அகதிகளுக்கு மருத்துவத் தொண்டர்களாக இருந்தார்கள். பிள்ளைகள் பட்டதாரி ஆனார்கள். பிறகு 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். யாரோ செய்த கொலைக்கு முகாமில் இருந்த பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். படிப்பின் கதவு அடைபட்டது. தொண்டு நிறுவனங்களுக்கும் முகாம் வாசல் அடைபட்டது. சில வருஷங்கள் கழித்துத்தான் அவை திறந்தன. அந்தச் சில வருஷங்களில் பதினாறு, பதினேழு வயதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பெயிண்டிங் வேலைக்குப் போனார்கள்.

2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் உண்டு. இலங்கை இல்லை. திபெத்தியருக்குக் காட்டு நிலம் கொடுத்த நாடு, நம் மொழி பேசுகிறவர்களை நாற்பது வருஷமாகச் செக்கிங்குக்கு நிற்க வைத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் நம் கர்நாடகத்திலேயே இருக்கிறது. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. அதன்படி இலங்கையின் மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலரைச் சுள்ளியாவிலும் புத்தூரிலும் ரப்பர் தோட்டங்களில் வேலைக்கு வைத்தார்கள். இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அரசு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. குடியிருக்க லயன் வீடும் கிடைத்தது. முகாம்வாசிகள் கனவு காண்கிற எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தது. அப்புறம்? துளுவும் கன்னடமும் பேசுகிற ஊரில் அவர்களை வீட்டுக்கு அழைத்தவர் யார்? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது கூடப் போனவர் யார்? சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்களே, அந்த மனுவைக் கன்னடத்தில் எழுதிக்கொடுத்தவர் யார்? மைசூரில் இத்தனை தமிழர் இருக்கிறோம். நான்கைந்து மணி நேரப் பயணத்தில் இருக்கிற அவர்களை நாம் எத்தனை முறை போய்ப் பார்த்தோம்?

ஆகவே நண்பர்களே, தனியாரா அரசா என்று கட்சி கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை; ஆனால் எது முதல், எது அடுத்து என்பதில் உறுதியான கருத்து உண்டு. சட்டம், தாள், நிலம், பள்ளி, இவற்றை அரசு கொடுத்தாக வேண்டும். எவ்வளவு பெரிய மனம் படைத்தவர் வந்தாலும் அந்தக் கடமையை அவர் தலையில் கட்டக் கூடாது. 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அதனால்தான் திபெத்தியருக்கு ஒரு நியாயம், ஈழத்தவருக்கு ஒரு நியாயம், வேறொருவருக்கு வேறொரு நியாயம். இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் அகதிகள் இல்லை, அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு உள்ள நாம் கேட்க வேண்டும்.

தனிமனிதர் செய்ய வேண்டியது என்ன? பணம் கொடுங்கள், நல்லது. அதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது: ஒரு மனிதர் அரசிடமிருந்து தன் உரிமையை வாங்கிக்கொள்ளக் கூடப்போய் நிற்பது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987-க்கு முன் பிறந்தவள் நான், எனக்குப் பாஸ்போர்ட் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். திபெத்தியப் பிள்ளைகள் நின்ற அதே சட்டப் பிரிவின் மேல் நின்றார். 2022-இல் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். அவர் கையில் இருந்தது என்ன? ஒரு பிறப்புச் சான்றிதழ். அவரோடு நின்றது யார்? ஒரு வழக்கறிஞர்.

அதே காலத்தில் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவர்கள் வேறு முகாம்களிலும் இருக்கிறார்கள். பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. எந்த மருத்துவமனையில் பிறந்தோம் என்று தாய்க்கு மட்டும் தெரியும், தாய்க்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பழைய பதிவேட்டைத் தேடி, மனு எழுதி, தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்து வாங்க வேண்டும். அதற்குப் பணக்காரர் தேவையில்லை, பொறுமையுள்ளவர்கள் தேவை. இந்த அரங்கில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறீர்கள். கன்னடத்தில் தட்டச்சு செய்யத் தெரிந்த பிள்ளைகள் பின்வரிசையில் இருக்கிறீர்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைகிற சுள்ளியாக்காரர்களுக்கும் நீங்கள்தான் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். பெயரையும், வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு ஒழியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பயணம் சுள்ளியாவுக்கு, அடுத்த மாதமே.